ரோஜாவின் சொந்தங்களைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள்

ஆப்பிள், பேரிக்காய், பீச், பிளம், செர்ரி, பாதாம், ஸ்ட்ராபெரி எல்லாமே ரோஜாவுக்குச் சொந்தம். ரோசேசி எனப்படும் இந்தக் குடும்பத்தில் 2,500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆனால் உறவு கண்டுபிடிக்கக் கிளம்பும் பலரும் பெயரிலேயே ஏமாந்துவிடுகிறார்கள். ரோஸ் ஆப்பிள் நாவலின் இனம். பாலைவன ரோஜா அரளிக்குச் சொந்தம். நாட்டு பாதாமோ மருத மரத்தின் உறவு.

பெயரை விட்டுவிட்டுப் பூவைப் பாருங்கள். அதற்காக அடுக்கு ரோஜாவை எடுக்காதீர்கள். அதில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறியிருக்கும். காட்டு ரோஜாவையும் ஆப்பிள் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. இரண்டிலும் ஐந்து இதழ்கள், நடுவில் கொத்தாக மகரந்தத் தாள்கள்.

பழங்கள் ஒன்றுபோல் இல்லையே என்று உறவை மறுப்பதும் தவறு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே மாதிரிப் பூவின் வெவ்வேறு பாகங்கள் சதை பிடிக்கின்றன, அவ்வளவுதான். ஸ்ட்ராபெரியில் பூவின் அடித்தளம் உப்பிச் சிவக்கிறது. மேலே விதை என்று நாம் நினைக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழுப் பழம். ஆப்பிளில் நாம் தின்பது பெரும்பாலும் சூலகத்தைச் சுற்றி வளர்ந்த பூக்கிண்ணம். ராஸ்பெரி, குட்டிக் குட்டிக் கொட்டைப் பழங்களின் கொத்து. பாதாம் என்பதோ பீச் போன்ற ஒரு காயின் ஓட்டுக்குள் இருக்கும் விதை.

வளர்ப்பவர்கள் செய்யும் தவறு வேறு. பிடித்த ஆப்பிளின் விதையை ஊன்றினால் அதே பழம் கிடைக்காது; அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். சரி, ஒரே ரகத்தில் இரண்டு ஒட்டுக் கன்றுகள் வைத்தால் போதுமா? போதாது. ஒரு ரகத்தின் ஒட்டு மரங்கள் எல்லாம் மரபளவில் ஒரே செடிதான், பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது. அதே சமயத்தில் பூக்கும் வேறொரு ரகம் அருகில் வேண்டும்.

அப்புறம், ஆபத்தான தவறு ஒன்று: கசப்பு பாதாமையும் ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பையும் மருந்து என்று நம்பித் தின்பது. அவற்றிலுள்ள அமிக்டலின் மெல்லும்போது சிதைந்து சயனைடை வெளிவிடும். தயவுசெய்து வேண்டாம், குழந்தைகளுக்கு அறவே வேண்டாம். ஆப்பிள் விதையிலும் அமிக்டலின் உண்டு. ஆனால் ஒன்றிரண்டை முழுதாக விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, கடிபடாத விதை அப்படியே வெளியேறிவிடும்.