கேஷுவாலிட்டில குடும்ப வன்முறை பத்தி கேக்கும்போது தவிர்க்க வேண்டிய தப்புகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டினு நம்ம ராம்நாடு கரையோரம் கேஷுவாலிட்டில வேலை பாக்குற சிஸ்டர்ஸ்க்காக இத எழுதுறேன். எல்லாத்தையும் விட பெரிய தப்பு கூட ஆள வச்சுக்கிட்டே கேக்குறது. புருஷன் நிக்கும்போது "வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா"னு கேட்டா இல்லன்னுதான் பதில் வரும், அதோட முடியாது, வீட்டுக்குப் போனதும் "சிஸ்டர்கிட்ட என்னடி சொன்ன"னு இன்னொரு அடி விழும். மாமியார், நாத்தனார், பேசத் தெரிஞ்ச குழந்தை யார் இருந்தாலும் இதே கதைதான். ஸ்கிரீன் துணிய இழுத்துவிட்டா தனிமை ஆயிடாது, அடுத்த பெட்ல அவங்க தெருக்காரங்களே படுத்திருப்பாங்க. எக்ஸ்ரே, யூரின் டெஸ்ட்னு சொல்லி தனியா கூட்டிட்டுப் போங்க, "அட்டெண்டர் உள்ள வரக்கூடாது"னு எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொல்லுங்க. தனியா கிடைக்கவே இல்லன்னா அப்போ கேக்காதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி அப்சர்வேஷன்ல வைக்க முடியுமானு பாருங்க.

அடுத்தது, சொன்ன காரணத்த அப்படியே எழுதிட்டு நகர்றது. பாசி எடுக்கப் போற அக்காமாருக்கு விரல்லயும் பாதத்துலயும் பாறை கிழிச்ச காயம் சகஜம், ஆனா காதுக்குப் பின்னால, கழுத்துல, அடிய தடுக்க கைய தூக்குனா படுற முன்கைப் பக்கத்துல காயம் இருந்தா அத பாறை பண்ணிருக்க வாய்ப்பு கம்மி. அதே நேரம் கன்னிப்போன கலர வச்சு இது இத்தனை நாள் பழசுன்னு எழுதாதீங்க, அந்தக் கணக்கு நம்பக்கூடியது இல்ல.

கழுத்த நெரிச்சத லேசா எடுக்குறது உயிருக்கே ஆபத்து. வெளிய ஒரு கீறல் கூட இல்லாம இருக்கலாம். குரல் கரகரன்னு ஆயிருக்கா, எச்சில் முழுங்க வலிக்குதா, கண்ணுல சின்னச் சின்ன ரத்தப் புள்ளி இருக்கா, மயக்கம் போட்டாங்களா, அறியாம யூரின் போச்சானு கேளுங்க. கழுத்து ரத்தக்குழாய் உள்ள கிழிஞ்சிருந்தா பக்கவாதம் சில நாள் கழிச்சு கூட வரும், அதனால டாக்டர்கிட்ட தெளிவா சொல்லாம அனுப்பிடாதீங்க. ஒரு தடவ கழுத்தப் பிடிச்சவன் அடுத்து கொலை வரைக்கும் போற வாய்ப்பு ரொம்ப அதிகம்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், "கையில காசில்ல, குடிச்சிட்டு அடிச்சிருப்பாரு, படகு கடலுக்குப் போனா சரியாயிடும்"னு நாமளே சமாதானம் சொல்றது எனக்கு மனசு ஆறாத விஷயம். "நீ ஏன் இன்னும் அங்க இருக்க"னும் கேக்காதீங்க. "இந்த மாதிரி காயத்தோட வர்ற எல்லார்கிட்டயும் கேப்போம்க்கா, வீட்ல யாராச்சும் அடிக்கிறாங்களா, திரும்பிப் போக பயமா இருக்கா"ன்னா போதும். இல்லன்னு அவங்க சொன்னா விட்டுருங்க, நோண்டாதீங்க. புருஷன கூப்பிட்டு அட்வைஸ் பண்றது கூடவே கூடாது.

யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியமும் பண்ணாதீங்க. ஏஆர் (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) போட்டா போலீசுக்குத் தகவல் போகும், பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பொண்ணு கர்ப்பமா வந்தா கல்யாணம் ஆயிருந்தாலும் போக்சோல சொல்லியே ஆகணும், இத அவங்க வாய் திறக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. நோட்ஸ்ல அவங்க வார்த்தையவே எழுதுங்க, "நோயாளி மறைக்கிறார்"னு உங்க தீர்ப்ப எழுதாதீங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தோட விதிப்படி, குடும்ப வன்முறை சம்பவ அறிக்கை (டிஐஆர்) இன்னும் பதிவாகலன்னு சொல்லி சிகிச்சைய மறுக்க முடியாது.

பெண்கள் உதவி எண் 181 24 மணி நேரமும் இருக்கு, ஆனா நோட்டீஸ கையில திணிக்காதீங்க, அவங்க கைப்பைய புருஷன் பாப்பான். மனப்பாடமா சொல்லிக் குடுங்க, அவங்க சம்மதிச்சா ஒன் ஸ்டாப் சென்டருக்கு (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுற அரசு மையம்) உங்க டூட்டி ரூம் போன்லயே பேச வைங்க.