காயம்பட்டவரைக் குறுக்கு விசாரணை செய்யும் முன்

நஷ்டஈட்டு வழக்குகளில் பிரதிவாதிக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்கு ஒரு குறிப்பு. வாதியின் காயம் உண்மை என்றால் அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள். கால் முறிந்தவரைப் பார்த்து "நடிக்கிறார்" என்ற தொனியில் கேள்வி கேட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் நியாயமான வாதமும் எடுபடாது.

உங்கள் முழு கவனமும் காரணத்தின் மேல் இருக்கட்டும். இந்த விபத்தால்தான் இந்தப் பாதிப்பு வந்ததா? இதற்கு விடை பெரும்பாலும் மருத்துவ ஆவணங்களில்தான் இருக்கும். விபத்துக்கு முந்தைய சிகிச்சைக் குறிப்புகள், முதல் நாள் மருத்துவரிடம் வாதி சொன்னது, சிகிச்சையில் விழுந்த இடைவெளி என எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதி வையுங்கள். உதவியாளரிடம் விடாமல் நீங்களே உட்கார்ந்து செய்வது நல்லது. முரண்பாடுகள் அப்போதுதான் கண்ணில் படும்.

சரி, பழைய முதுகுவலி இருந்தது என்று தெரிய வந்தால்? அதோடு வழக்கு முடிந்துவிடாது. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்ட (common law) மரபில், ஏற்கெனவே பலவீனமாக இருந்தவருக்கு அதிகச் சேதம் ஏற்பட்டாலும் அதற்கும் பிரதிவாதியே பொறுப்பு. ஆகவே பழைய வலி எவ்வளவு, விபத்து கூட்டியது எவ்வளவு என்று மருத்துவ நிபுணரின் சாட்சியம் மூலம் பிரித்துக் காட்ட வேண்டும்.

அப்புறம், தொகை. பொறுப்பை மறுக்க முடியாத வழக்கில் நஷ்டஈடு பற்றிப் பேசாமல் உட்காராதீர்கள். உங்கள் தரப்பில் ஒரு தொகையைக் கணக்கோடு சொல்லுங்கள். இல்லையென்றால் தீர்ப்பு சொல்பவர் முன் வாதி கேட்ட தொகை மட்டுமே இருக்கும்.