ஆடியில் விதை, கார்த்திகையில் சிவப்பு: வீட்டில் புளிச்சக்கீரை வளர்ப்பது எப்படி

எங்கள் ஊர் திருத்தணிக்குப் பக்கம். 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி, அதனால் எல்லைக்கோடு நகர்ந்தாலும் அடுப்படி மாறவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புளிச்சக்கீரைக் கடையல் என்றால் அடுத்த வீட்டில் கோங்குரா பச்சடி, இரண்டுக்கும் கீரை ஒரே கட்டிலிருந்து பாதி பாதியாகப் பிரித்ததாக இருக்கும். இந்தக் கீரை செம்பருத்திக்கு நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஐப்பசி மாதம் ஒரு காலையில் அது பூத்து நிற்பதைப் பாருங்கள், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த வெளிர்மஞ்சள் பூ, அதே ஐந்து இதழ், அதே மகரந்தக் குழல். வெண்டைப் பூவும் இதே சாயல்தான், மூன்றும் ஒரே குடும்பம்.

இலை, பூவின் அடியில் தடிக்கும் சிவப்புப் புல்லிவட்டம், விதை எல்லாமே பயன்படுகிற செடி இது. ஒரு தொட்டி இருந்தாலே போதும், முதல்முறை வளர்ப்பவர்களுக்கும் வரும். காலம் ஒன்றைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டும், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சரியான விதை

கடையில் 'கோங்குரா விதை' என்று கேட்டால் இரண்டு வேறு செடிகளில் எதுவும் வரலாம். ஒன்று ஹைபிஸ்கஸ் சப்தரிஃபா, இதில்தான் சதைப்பற்றுள்ள சிவப்புக் காய் கிடைக்கும் (மேலே சொன்ன புல்லிவட்டத்தைத்தான் காய் என்கிறேன்). இன்னொன்று ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், நாருக்காகப் பயிராகும் செடி. அதன் இலையும் நன்றாகவே புளிக்கும், கீரைக்குக் குறையில்லை, ஆனால் காய் சதை பிடிக்காது. முதல் வருடம் நான் ஒரு பாக்கெட் வாங்கி விதைத்து, ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் சுணை சுணையாக வறண்ட காய்களைத்தான் பார்த்தேன். அன்றைக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போனது.

அதனால் கீரை மட்டும் போதும் என்றால் எந்த விதையும் சரி. காயும் வேண்டும் என்றால், காய் பறித்துச் சமைக்கிற வீட்டிலிருந்து விதை வாங்குங்கள். எங்கள் பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகளில் 'எர்ர கோங்கூர' என்று கேட்டால் சிவப்புத் தண்டுச் செடியைக் காட்டுவார்கள். கேரளப் பக்கம் இருப்பவர்கள் மத்திப்புளி என்று விசாரியுங்கள், அங்கே இதே காயை மீன் குழம்பில் புளிக்குப் பதிலாகப் போடுகிறார்கள்.

எப்போது விதைப்பது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இந்தச் செடிக்கு அப்படியே பொருந்தும். ஆனி கடைசியில் தொடங்கி ஆடி முடிவதற்குள் விதைத்துவிடுங்கள்.

காரணம் இதுதான். புளிச்சக்கீரை பகலின் நீளம் பார்த்துப் பூக்கிற செடி. பகல் சுருங்கி இரவு நீள ஆரம்பித்தால்தான் மொட்டு வைக்கும். எங்கள் பகுதியில் ஜூன் மாதம் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம் அளவுக்கு இறங்கிவிடும். ஆடியில் விதைத்த செடி, பகல் நீளமாக இருக்கும்போதே உயரமும் கிளையும் பிடித்துக்கொண்டு, ஐப்பசியில் தெம்பாகப் பூக்கும். தையில் விதைத்தால் பகல் ஏற்கெனவே குறுகலாக இருப்பதால் முழங்கால் உயரம் வருவதற்குள் மொட்டு வைத்துவிடும், நாலைந்து காயோடு முடிந்துபோகும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. இரண்டாம் வருடம் நல்ல விதைதான், ஆடியில்தான் போட்டேன், ஐந்து தொட்டியும் ஆளுயரம் வளர்ந்தன. நான்கு பூத்தன. மதில் ஓரம் வைத்த ஒன்று மட்டும் இலை இலையாகத் தள்ளிக்கொண்டே போனது, கார்த்திகை தீபம் வரைக்கும் ஒரு மொட்டு இல்லை. உரம் பற்றவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் உரம் வேறு போட்டேன். பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் இரவு கோலமாவு வாங்க வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, தெரு விளக்கு விடிய விடிய அது தலைமேல எரியுது, அதுக்கு ராத்திரின்னு ஒண்ணு தெரிய வேணாமா?" என்றார். மறுநாளே அதைப் பின்கட்டுக்கு நகர்த்தினேன். மூன்று வாரத்தில் மொட்டு வந்தது. ஆகவே பகலில் குறைந்தது ஆறு மணி நேரம் வெயில், இரவில் நல்ல இருட்டு, இரண்டும் கிடைக்கிற இடமாகப் பாருங்கள். வாசல் விளக்கு, மாடிப்படி விளக்கு எல்லாம் கணக்கில் சேரும்.

தொட்டியும் மண்ணும்

வேர் ஆழமாக இறங்கும், எனவே ஒன்றரை அடி ஆழமுள்ள வளர்ப்புப் பை அல்லது பழைய பெயின்ட் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். வாளி என்றால் அடியில் ஐந்தாறு ஓட்டை கட்டாயம். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து, ஈரமாக்கி, பத்து நாள் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் விதைப்பது நல்லது. தரையில் வளர்ப்பவர்கள், போன முறை வெண்டை போட்ட பாத்தியைத் தவிர்த்துவிடுங்கள். வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு வெண்டைக்கும் இதற்கும் பொது.

விதைப்பு

விதை சின்னச் சிறுநீரக வடிவில், கரும்பழுப்பாக, தோல் கெட்டியாக இருக்கும். முந்தின இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மிதப்பதை எடுத்து எறிந்துவிட்டு மீதியை விதைக்கலாம். ஒரு தொட்டிக்கு நான்கு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். நான்கிலிருந்து ஏழு நாளில் முளைக்கும். அரை அடி உயரம் வந்ததும் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள், பிடுங்கியது அன்றைய பருப்புக்கு ஆகும். தரையில் காய்க்காக என்றால் செடிக்குச் செடி இரண்டரை அடியாவது வேண்டும். வெறும் கீரைக்காக என்றால் நெருக்கமாகத் தூவி, முப்பது நாற்பது நாளில் வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டிக்கொள்ளலாம்.

முதலில் வருகிற இலைகள் முழுசாக, வெட்டில்லாமல் இருக்கும். வேறு ஏதோ செடி முளைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், போகப்போகத்தான் இலை மூன்றாகவும் ஐந்தாகவும் பிரியும்.

கிள்ளுவது, ஊற்றுவது, போடுவது

ஆறு வாரம் ஆனதும் நுனியை விரல் நீளத்துக்குக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை எத்தனை வருகிறதோ காய் அத்தனை. கிள்ளிய நுனியும் கீரைதான். இப்படி வாரம் ஒருமுறை இலை பறித்துக்கொண்டே வரலாம், ஆனால் காய் வேண்டும் என்றால் புரட்டாசி பாதியோடு பறிப்பதை நிறுத்துங்கள், இது என் கண்டிப்பான கருத்து. அதற்குப் பிறகும் நுனியைக் கிள்ளினால் மொட்டைத்தான் கிள்ளுகிறீர்கள்.

மேல்மண் காய்ந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தால் வேண்டாம். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி தொழு உரம் போதும். தழைச்சத்து கூடினால் இலை மட்டும் அகலமாக வரும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு புயல் காற்றில் ஆளுயரச் செடி அடியோடு சாய்ந்துவிடும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மழை நாளில் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள்.

பூச்சியில் பெரிய தொல்லை மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்தாலே மேலே அது இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். சாப்பிடுகிற செடி, கடை மருந்து வேண்டவே வேண்டாம்.

பூவும் காயும்

பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். வாடிய பூ விழுந்ததும் ஏமாற வேண்டாம், வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அடியில் இருக்கும் புல்லிவட்டம் தடித்து, சிவந்து, பதினைந்து இருபது நாளில் நெல்லிக்காய் அளவுக்கு மேல் திரண்டு நிற்கும். நகத்தால் அழுத்தினால் மொறுக்கென்று உடைய வேண்டும், அதுதான் பறிக்கும் பதம். காலையில் கையாலேயே ஒடியும், வெயில் ஏறினால் கத்தரிக்கோல் தேடுவீர்கள்.

காம்புப் பக்கம் வட்டமாக வெட்டி, ஒரு பேனா மூடியால் அடியிலிருந்து தள்ளினால் உள்ளே இருக்கும் பச்சை விதைக்காய் முழுசாக வெளியே வரும். அதன்மேல் மெல்லிய சுணை இருக்கும், அரிப்பெடுக்கும், எனவே கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள். மிஞ்சுவது வெறும் சிவப்புக் குப்பி. அதை அரிந்து பருப்பில் போடலாம், துவையல் அரைக்கலாம், சர்க்கரை சேர்த்துக் கிளறினால் ஜாம் தானாகவே இறுகும். உலர்த்துவதென்றால் எங்களுக்குக் காய் வருவதே மழைக்காலத்தில், அதனால் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே நாலைந்து நாள் வைக்கிறேன். கடும் வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும்.

ஐந்தாறு உலர்ந்த குப்பியை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் மாதுளை நிறத்தில் பானம் தயார், நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடியுங்கள். இலையோ காயோ, அலுமினியப் பாத்திரத்தில் சமைக்க வேண்டாம், புளிப்பு அதைக் கரைக்கும். எவர்சில்வர் அல்லது மண்சட்டி போதும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கீரையை அளவாகச் சாப்பிடுங்கள், ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது. காய் பானம் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும், அதற்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம்.

பக்கத்தில் ஒரு செம்பருத்தி

இடம் இருந்தால் ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி ஒன்றும் வையுங்கள். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளக் குச்சியை கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, ஈர மண்ணில் நிழலில் ஊன்றினால் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். நர்சரியில் வாங்கிய செடி என்றால் முதல் மூன்று மாதப் பூவைச் சாமிக்கு மட்டும் வையுங்கள், என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. சாப்பிட இதழ் மட்டும் போதும், மகரந்தக் குழலையும் பச்சைக் காம்பையும் கிள்ளி எறியுங்கள். வெந்நீரில் போட்டால் தண்ணீர் மங்கலான ஊதாவாகும், அரை மூடி எலுமிச்சை பிழிந்த நொடியில் பளிச்சென்று சிவக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிழியுங்கள். இதையும் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

அடுத்த ஆடிக்கு

செடியில் நன்றாகத் திரண்ட மூன்று நான்கு காயைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். மார்கழி வாக்கில் அவை பழுப்பாகி, உள்ளே விதைக்காய் ஐந்தாகப் பிளக்கும். பிளந்த பிறகு காத்திருந்தால் விதை தரையில் கொட்டிவிடும், அதனால் நுனி லேசாக வாய் திறந்ததுமே பறித்து, காகிதத்தில் உதிர்த்து, இரண்டு நாள் நிழலில் காயவையுங்கள். அப்புறம் அடுப்புச் சாம்பலில் புரட்டி, மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு, ரகமும் மாதமும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு காயிலேயே இருபதுக்குக் குறையாமல் விதை இருக்கும், உங்கள் தொட்டிகளுக்குப் போக பக்கத்து வீட்டுக்கும் ஒரு பொட்டலம் மடிக்கலாம்.