ரோட்டரி எஞ்சினில் ஸ்பார்க் இல்லையா? கொயில் வாங்க ஓடுமுன் கவனிக்க வேண்டியவை

2022இல் வெள்ளவத்தைப் பக்கம் பெற்றோல் வரிசை காலி வீதி நெடுக நின்ற நாட்களில், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணா ஒருவர் தன் ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) பூட்டிய மஸ்டா ஆர்எக்ஸ்-8ஐயும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். வரிசை அசையும்போது ஸ்டார்ட் பண்ணுவார், இருபது அடி போவார், பெற்றோல் மிச்சம் பிடிக்க உடனே நிறுத்துவார். நாலைந்து தடவை அப்படிச் செய்தபின் கார் பிடிக்கவே மறுத்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் உயிர் கொள்ளவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "பிளக் நனைஞ்சு கிடக்கு, கரண்ட் வருதில்லை" என்றார். பஞ்சிகாவத்தையில் தேடி, பிளக்குக்கு உயர் வோல்ற் கொடுக்கும் கொயில்கள் நான்கைப் பழையதாக வாங்கி மாட்டினார்கள். அதற்கும் கார் பிடிக்கவில்லை. அந்தக் காரில் ஸ்பார்க் ஒரு நாளும் நின்றிருக்கவில்லை.

ரோட்டரி எஞ்சின் விடயத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: நனைந்த பிளக்கைக் கண்டதும் ஸ்பார்க் இல்லை என்று முடிவு கட்டுவது. குளிர்ந்த எஞ்சினுக்கு அதை இயக்கும் காரின் கணினி பெற்றோலைத் தாராளமாக விடும். சூடேற முன்னரே நிறுத்தினால் அந்தப் பெற்றோல் எரியாமல் அறைக்குள் தங்கி, பிளக்கின் நுனியை நனைத்துவிடும். நனைந்த நுனியில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல், ஈரத்தின் வழியே கசிந்து போய்விடும். கூடவே இன்னொரு கெடுதல்: ரோட்டரின் மூன்று முனைகளிலும் காற்றுக் கசியாமல் அடைக்கும் ஏபெக்ஸ் சீல்களைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் படலத்தைப் பெற்றோல் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. படலம் போனால் கம்ப்ரெஷனும் (அறைக்குள் உள்ள அமுக்கமும்) விழும். நல்ல கொயில் நான்கு போட்டாலும் அந்த நிலையில் எஞ்சின் பிடிக்காது.

ஆகவே முதல் வேலை உள்ளே தேங்கிய பெற்றோலை வெளியேற்றுவது. ஆர்எக்ஸ்-8இல் அக்சலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் கணினி இன்ஜெக்டர்களை மூடிவிடும். அதற்கும் மசியாவிட்டால் பியூவல் பம்பின் பியூஸை எடுத்து, பிளக் நான்கையும் கழற்றி, சில விநாடிகள் சுற்றி, உள்ளே இருப்பதை வெளியே தள்ள வேண்டும். பிளக் துளைகள் வழியே கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டால் சீல்கள் மறுபடி பிடிக்கும். காய்ந்த பிளக், நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரி இரண்டும் அவசியம். வரிசையில் பத்துத் தடவை ஸ்டார்ட் பண்ணிய பற்றரியை நம்பாதீர்கள். சுற்றும்போது 10 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் எந்தச் சோதனையும் பொய்யான பதிலையே தரும்.

இதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால்தான் ஸ்பார்க்கைத் தேட வேண்டும். அப்போதும் எந்த உதிரிப்பாகம் வாங்கலாம் என்று யோசிக்க வேண்டாம். நான்கு பிளக்கில் எத்தனையில் ஸ்பார்க் இல்லை என்று எண்ணுங்கள்.

ரோட்டரி எஞ்சினின் எரியறை நீண்டு தட்டையாக இருப்பதால் ஒரு பிளக் முழுவதையும் எரிக்கப் போதாது. அதனால் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக் (இரண்டு ரோட்டருக்கு நான்கு): கீழே லீடிங், மேலே டிரெயிலிங். முதலில் அடிப்பது லீடிங். வேலையின் பெரும்பகுதி அதனுடையது. டிரெயிலிங் ஒன்று செத்தால் பலர் கவனிப்பதே இல்லை, லீடிங் செத்தால் எஞ்சின் உடனே காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ்-8இல் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் இரண்டு லீடிங் பிளக்குக்கும் சேர்த்து ஒரே கொயில், டிரெயிலிங் இரண்டுக்கும் தனித்தனி. 1978இல் வந்த முதல் ஆர்எக்ஸ்-7இல் மின்சாரத்தைப் பிளக்குகளுக்கு முறைவைத்துப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்.

இந்த அமைப்பு மனதில் இருந்தால் பாதி விடை கிடைத்தமாதிரி. ஆர்எக்ஸ்-8இல் ஒரு பிளக்கில் மட்டும் ஸ்பார்க் இல்லையென்றால் அந்தக் கொயில், அந்த வயர், அந்தப் பிளக். சந்தேகக் கொயிலைப் பக்கத்துக் கொயிலுடன் இடம் மாற்றிப் பாருங்கள், குறை கூடவே போனால் கொயில்தான். நான்கிலும் இல்லையென்றால் கொயிலை விட்டுவிடுங்கள். நான்கு கொயில்கள் ஒரே காலையில் சேர்ந்து சாவதில்லை. நான்குக்கும் பொதுவாக இருப்பதைத் தேடுங்கள்: பியூஸ், ரிலே, கொயில்களுக்குப் போகும் 12 வோல்ற், ஏத் (எஞ்சினையும் பொடியையும் பற்றரியின் நெகற்றிவ் முனையுடன் இணைக்கும் வயர்), கணினி, திருட்டுத் தடுப்பு அமைப்பு, எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் சென்சர்.

கொழும்பில் இந்த வரிசையில் நான் ஏத்தைத்தான் முன்னுக்கு வைப்பேன். மெரின் டிரைவ் ஓரம் காரை நிறுத்துபவர்களுக்குக் காரணம் தெரியும். கடல் உப்பு போல்ட்டின் கீழே புகுந்து, வெளியில் தெரியாமல் பச்சை பூத்துவிடும். சென்ற மழைக்காலத்தில் நான் பார்த்த ஒரு காருக்கு இரண்டு கராஜில் கணினியை மாற்றச் சொல்லியிருந்தார்கள். ஏத் வயரின் முனையை அரத்தாள் போட்டுச் சுத்தம் செய்து இறுக்கியதும் நான்கு ஸ்பார்க்கும் வந்தன.

அடுத்து, எஞ்சின் சுற்றுவதைச் சொல்லும் அந்தச் சென்சர்: முன்புறப் புல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் தண்டு) சென்சர். இதைச் சோதிக்கச் சுலபமான வழி ஸ்கேனர்: ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது சுழற்சி எண்ணிக்கை திரையில் ஏறுகிறதா பாருங்கள். எஞ்சின் சுற்றியும் பூச்சியமே காட்டினால் கணினிக்குச் செய்தி போகவில்லை. செய்தி இல்லாமல் அது ஸ்பார்க் கொடுக்காது. பி0335 என்ற குறியீடு இருந்தால் இதே வழிதான். ஆனால் குறியீடு இல்லை என்பதால் சென்சர் நல்லது என்று நினைக்கக் கூடாது. பெல்ட் மாற்றிய கையோடு இந்தக் குறை வந்தால் கனெக்டரையும் வயரையும்தான் முதலில் தடவிப் பார்ப்பேன்.

ஸ்பார்க் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். எஞ்சின் நிமிடத்துக்கு 250 தடவை சுற்றினால் ஆர்எக்ஸ்-8இன் ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு நாலு தடவை அடிக்க வேண்டும். சுற்றும்போது ஒன்றுமில்லாமல், சாவியை விடும் கணத்தில் மட்டும் ஒரு பொறி பறந்தால், அதைக் கண்டு "ஸ்பார்க் இருக்கு" என்று திருப்திப்படாதீர்கள். பழைய ஆர்எக்ஸ்-7களில், சாவி ஸ்டார்ட் நிலையில் நிற்கும்போது கொயிலுக்கு மின்சாரம் போகவில்லை என்பதன் அடையாளம் அது. இக்னிஷன் சுவிட்சைப் பாருங்கள்.

சோதிக்கும் முறையிலும் பல தவறுகள். பெற்றோல் நாறும் எஞ்சினுக்குப் பக்கத்தில் பிளக்கை வெளியே எடுத்துப் பொறி பார்ப்பது ஆபத்து. பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, ஆவி கலைய நேரம் கொடுங்கள். வயரைக் கையால் பிடித்து எஞ்சின் மேல் தட்டிப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ற். வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டுச் சுற்றினாலும் கேடுதான், வெளியேற வழியில்லாத மின்சாரம் கொயிலின் உள் காப்பைத் துளைத்துவிடும். சோதனைக் கருவியையோ பிளக்கின் உலோக உடம்பையோ எஞ்சினுடன் உறுதியாகத் தொடுத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

ஆர்எக்ஸ்-8 கொயிலை மல்ட்டிமீற்றரின் ஓம் அளவில் வைத்து நல்லது, கெட்டது சொல்பவர்களையும் நம்பாதீர்கள். கொயிலின் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் இக்னைட்டர் அந்தக் கொயிலுக்குள்ளேயே இருக்கிறது. மீற்றருக்குத் தெரிவது அதன் மின்னணுச் சுற்றுத்தான். கணினியிலிருந்து கொயிலுக்கு வரும் கட்டளை வயரைப் பார்க்க எல்ஈடி சோதனை விளக்கைப் பயன்படுத்துங்கள். பல்ப் போட்ட பழைய விளக்கு அதிக மின்சாரம் இழுத்து, நல்லாயிருந்த கணினியைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிறாங் ஆங்கிள் சென்சரைக் கழற்றி, சாவியை ஓன் நிலையில் வைத்துக் கையால் சுழற்றினால் ஸ்பார்க் அடிப்பதைப் பார்க்கலாம். அருமையான சோதனை. ஆனால் கழற்ற முன் அது நின்ற இடத்தைக் கோடிட்டுக் குறிக்காவிட்டால், திரும்பப் போடும்போது ஒரு பல் தவறி, ஸ்பார்க் இருந்தும் நேரம் பிழைத்து எஞ்சின் பிடிக்காது.

வயர்களை மாற்றிச் செருகுவதும் அடிக்கடி நடக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், அல்லது நாடா ஒட்டிப் பெயர் எழுதுங்கள். பிளக்கும் நான்கும் ஒன்றல்ல: ஆர்எக்ஸ்-8இன் என்ஜிகே பிளக்கில் லீடிங்குக்கு வெப்ப எண் 7, டிரெயிலிங்குக்கு 9.

ஸ்பார்க் நான்கும் சரி, பெற்றோலும் சரி, சூடான எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பாதை மாறுகிறது. அது பெரும்பாலும் தேய்ந்த சீல். சாதாரணக் கம்ப்ரெஷன் மீற்றர் ரோட்டரின் மூன்று முகங்களில் மிக நல்லதன் அளவை மட்டுமே பிடித்துவைக்கும், செத்த முகம் ஒளிந்துகொள்ளும். ரோட்டரி மீற்றர் இல்லாவிட்டால் காதைத் தீட்டுங்கள். பிளக் கழற்றிச் சுற்றும்போது மூச்சுச் சத்தம் சீராக வர வேண்டும், மூன்றில் ஒன்று தளர்ந்தால் கேட்கும்.

ஒரு கொயில் கெட்டது உறுதியானால் தாமதிக்க வேண்டாம். ஓடுதுதானே என்று ஓட்டினால், எரியாத பெற்றோல் சைலன்சருக்கு முன்னுள்ள, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பழைய கொயிலுக்குப் பதில் இன்னொரு பழைய கொயிலை வாங்குவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. ரீகண்டிஷன் காரிலிருந்து கழற்றியதற்கும் உங்களுடையதற்கும் அநேகமாக ஒரே வயது. நான்கையும் புதிதாக, வயர்களோடு சேர்த்து மாற்றுங்கள். கழற்றியவற்றில் இன்னும் நன்றாக அடிக்கும் ஒன்றை டிக்கியில் வைத்திருங்கள், அடுத்த தடவை இடம் மாற்றிப் பார்க்க உதவும்.