மாடல் 3-ஆ, ஐயோனிக் 6-ஆ? முதல் மின்சார செடானைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டெஸ்லா மாடல் 3, ஹூண்டாய் ஐயோனிக் 6 இரண்டுமே நல்ல கார்கள். சிக்கலே அதுதான். ஒன்று மட்டமாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம். இரண்டையும் அட்டவணை போட்டு ஒப்பிட்டால் பாதி வரிகளில் இது முந்தும், மீதி வரிகளில் அது முந்தும். கடைசியில் தலைவலிதான் மிஞ்சும். அதனால் இங்கே அட்டவணை கிடையாது. ஒரு நோட்டு, பேனா, அளவு நாடா மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு இரு செடான்களுக்கு இடையே நீங்கள் தடுமாறிக்கொண்டிருந்தாலும் பெயர்களை மாற்றிக்கொண்டு இதே முறையில் பார்க்கலாம்.

கீழே வரும் எண்கள் 2022-இல் அறிமுகமான ஐயோனிக் 6, 2023-இல் புதுப்பிக்கப்பட்ட மாடல் 3 ஆகியவற்றின் ஐரோப்பிய வடிவங்களுக்கு உரியவை. சந்தைக்குச் சந்தை, ஆண்டுக்கு ஆண்டு இவை மாறும். உங்களுக்கு விற்கப்படும் வடிவத்தின் எண்களைக் கேட்டு வாங்கி அந்தந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு தூரங்களைக் குறியுங்கள்

முதல் தூரம், சாதாரண நாளில் நீங்கள் ஓட்டும் கிலோமீட்டர். இரண்டாவது, ஆண்டில் சில முறையாவது போகும் மிக நீண்ட பயணம். யோசித்து எழுத வேண்டாம். இப்போதுள்ள வண்டியின் மீட்டரை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பலர் நாற்பதைக்கூடத் தாண்டுவதில்லை.

படி 2: இரவில் கார் எங்கே நிற்கும்?

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் எடை அதிகம். சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட் வந்தால் கிடைப்பது 2.3 கிலோவாட். பத்து மணி நேரம் செருகி வைத்தால், இழப்பு போகச் சுமார் 20 யூனிட் பேட்டரிக்குள் ஏறும். யூனிட் என்பதும் கிலோவாட் மணி என்பதும் ஒன்றே. மின் கட்டணச் சீட்டில் நீங்கள் பார்ப்பதுதான். இந்த வகை செடான் நகருக்குள் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் குடிக்கும் என்று வையுங்கள். ஓர் இரவில் 130 கி.மீ. ஓடத் தேவையானது ஏறிவிடுகிறது. அன்றாட ஓட்டம் நாற்பது கி.மீ. என்றால் சுவர் சார்ஜர்கூட வசதிக்காகத்தான், அவசியத்துக்காக அல்ல. இரண்டு கார்களும் சுவர் சார்ஜரிலிருந்து 11 கிலோவாட் வரை வாங்கும் என்பதால் இந்தப் படியில் எதற்கும் கூடுதல் மதிப்பெண் இல்லை.

வீட்டில் செருக வழியே இல்லையென்றால் கதை வேறு. அப்போது உங்கள் கார் வாழப்போவது பொது சார்ஜர்களை நம்பித்தான். நான்காவது படியை இருமுறை படியுங்கள்.

படி 3: விளம்பரத் தூரத்தை உங்கள் தூரமாக மாற்றுங்கள்

ஐயோனிக் 6-இன் 77.4 யூனிட் பேட்டரி, பின்சக்கர இயக்க வடிவத்துக்கு 614 கி.மீ. என்று போட்டிருக்கும். மாடல் 3-இன் நீண்ட தூர வடிவத்துக்கு 678 கி.மீ. இரண்டும் டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகச் சோதனையின் எண்கள். அந்தச் சோதனை அரை மணி நேரம் நடக்கும்; ஓடும் தூரம் 23 கி.மீ. சொச்சம்; சராசரி வேகம் மணிக்கு 46 கி.மீ. சுற்றளவில். நெடுஞ்சாலையில் யார் அப்படி ஓட்டுகிறார்கள்?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தை 120 ஆக்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றைக் கிழிக்கச் செலவாகும் மின்சாரமோ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இதனால்தான் இரண்டு நிறுவனங்களும் காரை இழைத்து இழைத்து வழவழப்பாக்கியிருக்கின்றன. காற்றெதிர்ப்புக் குணகம் (எண் குறையக் குறையக் கார் காற்றை எளிதாகக் கிழிக்கும்) ஐயோனிக் 6-க்கு 0.21, மாடல் 3-க்கு 0.219. உங்களால் உணர முடியாத வித்தியாசம்.

இனி உங்கள் கணக்கு. நெடும்பயணத்தில் பேட்டரியை யாரும் முழுதாகக் காலி செய்வதில்லை. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடுவதால் அதற்கு மேல் காத்திருப்பதும் இல்லை. ஆகவே முதல் நிறுத்தத்துக்குப் பிறகு கையில் இருப்பது 10-இலிருந்து 80 வரையுள்ள 70 சதவீதம்தான். 77.4-இல் 70 சதவீதம் 54 யூனிட். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் என்று கொண்டால், இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே 300 கி.மீ. விளம்பரத்தின் 614 இப்படித்தான் பாதியாகிறது. மாடல் 3-இன் நீண்ட தூர வடிவத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள்; விடை அதே 300-ஐ ஒட்டியே வரும். விளம்பரத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த 64 கி.மீ. வித்தியாசம் சாலையில் ஒரு தேநீர் நிறுத்தத்துக்குக்கூடப் பெறாது.

ஆனால் சக்கர அளவில் ஏமாந்துவிடாதீர்கள். மேலே சொன்ன 614 என்பது 18 அங்குலச் சக்கரத்துக்கு. அதே கார், அதே பேட்டரி, 20 அங்குலச் சக்கரம் போட்டால் 545. அழகுக்காக 69 கி.மீ. போய்விடுகிறது. மாடல் 3-இன் நீண்ட தூர வடிவமும் 19 அங்குலத்துக்கு மாறினால் 678-இலிருந்து 629-க்கு இறங்கும். இரண்டு கார்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்கு நிகரானது ஒரே காரின் இரண்டு சக்கரங்களுக்கு இடையே இருக்கிறது! ஷோரூமில் மினுமினுப்பது பெரும்பாலும் பெரிய சக்கரம்தான். எனக்குச் சிறிய சக்கரம் போதும். குண்டும் குழியுமான சாலையில் முதுகும் வாழ்த்தும்.

படி 4: உங்கள் வழியில் உள்ள சார்ஜரைப் பாருங்கள், காரை அல்ல

ஐயோனிக் 6 பெருமைப்படும் இடம் இது. அதன் மின் அமைப்பு 800 வோல்ட். 350 கிலோவாட் சார்ஜரில் 10-இலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம் என்கிறது ஹூண்டாய். 54 யூனிட்டை 18 நிமிடத்தில் ஏற்ற, சராசரியாக 180 கிலோவாட் விடாமல் பாய வேண்டும். மாடல் 3 இருப்பது 400 வோல்ட் வகுப்பில். நீண்ட தூர வடிவம் உச்சத்தில் 250 கிலோவாட் தொடும், ஆனால் அந்த உச்சம் சில நிமிடங்கள்தான். பிறகு படிப்படியாக இறங்கும். அதே 70 சதவீதத்துக்கு அரை மணி நேரம் அளவில் எடுத்துக்கொள்ளும்.

உச்ச எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது: உச்சத்தில் முந்துகிற கார், மொத்த நேரத்தில் பிந்துகிறது.

அப்படியானால் ஐயோனிக் 6-க்கே வெற்றியா? பொறுங்கள். 800 வோல்ட் காருக்கு அந்த வோல்ட்டைத் தரக்கூடிய சார்ஜர் வேண்டும். டெஸ்லாவின் சொந்த வேக சார்ஜரான சூப்பர்சார்ஜரின் மூன்றாம் தலைமுறை 500 வோல்ட்டுக்கு மேல் தராது. அங்கே ஐயோனிக் 6-ஐச் செருகினால் கார் தன் மோட்டார் அமைப்பைக்கொண்டு மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டுதான் சார்ஜ் ஏற்ற வேண்டும். வேகம் பாதிக்கு அருகில் விழுந்துவிடும். அங்கே மாடல் 3 முந்திப் போகும். 50 கிலோவாட் சார்ஜர்தான் இருக்கிறதென்றால் இரண்டும் ஒரே வேகத்தில் நகரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் படியில் எழுதிய நீண்ட பயணத்தின் வழியை வரைபடத்தில் திறந்து, 200-லிருந்து 300 கி.மீ.க்குள் வரும் சார்ஜர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். எத்தனை கிலோவாட், அதிகபட்சம் எத்தனை வோல்ட், எத்தனை முனைகள் (ஒரே நேரத்தில் எத்தனை கார் செருகலாம்), எந்தக் காருக்குத் திறந்திருக்கிறது என்ற நான்கையும் நோட்டில் எழுதுங்கள். முனைகளின் எண்ணிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே முனை உள்ள 350 கிலோவாட் சார்ஜரைவிட எட்டு முனை உள்ள 150 கிலோவாட் நிலையம் விடுமுறை நாளில் உங்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும்.

படி 5: பேட்டரியின் வேதியியலைக் கேளுங்கள்

மாடல் 3-இன் அடிப்படை வடிவம் பல சந்தைகளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடு வருகிறது. அதை நூறு சதவீதம் வரை தாராளமாக ஏற்றலாம். வாரம் ஒருமுறையாவது முழுதாக ஏற்றும்படி டெஸ்லாவே சொல்கிறது. கடுங்குளிரில் சார்ஜ் ஏறுவதற்கு மட்டும் சற்றுச் சுணங்கும். நீண்ட தூர வடிவமும் ஐயோனிக் 6-உம் நிக்கல் கலந்த பேட்டரி கொண்டவை. அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்துவது அவற்றின் ஆயுளுக்கு நல்லது. அதனால் பெரிய பேட்டரியின் முழு அளவு தினமும் உங்கள் கையில் இருக்காது. அடிப்படை வடிவமே போதுமா என்று யோசிக்க இது நல்ல காரணம்.

படி 6: பின் இருக்கையில் இருபது நிமிடம்

மின்சார செடானில் பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. கூரையோ காற்றுக்காகத் தாழ்ந்து சரிகிறது. மேலும் கீழும் நெருக்கப்படுவது பின்னால் உட்காருபவர்தான். ஐயோனிக் 6-இன் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2,950 மி.மீ. இருக்கிறது, மாடல் 3-இல் 2,875. காலை நீட்ட ஐயோனிக் 6 தாராளம். ஆனால் அதன் கூரை வளைந்து இறங்கும் இடம் உயரமானவரின் உச்சந்தலைக்கு நேராக வருகிறது.

வீட்டில் இருப்பவர்களிலேயே உயரமானவரையும் வயதில் மூத்தவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். உயரமானவர் முதுகைச் சாய்த்து உட்காரட்டும்; தலைக்கும் கூரைக்கும் நடுவே கை நுழைகிறதா? தொடையின் அடிப்பகுதி இருக்கையில் படிகிறதா, அல்லது முழங்கால் தூக்கிக்கொண்டு தொடை அந்தரத்தில் நிற்கிறதா? மூத்தவர் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்து இழுத்து எழுகிறார் என்றால் அந்தப் பதில் எந்த விமர்சனக் காணொளியிலும் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

பிறகு டிக்கி. மாடல் 3-இல் தரைக்கு அடியில் உள்ள குழியையும் சேர்த்து 594 லிட்டர். முன்பக்கப் பெட்டியில் இன்னும் 88. ஐயோனிக் 6-இல் பின்னால் 401 லிட்டர்தான். முன்பெட்டி 45 லிட்டர், நான்கு சக்கர இயக்கத்தில் அது இன்னும் சுருங்கிவிடும். குடும்பத்தோடு பயணம் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. லிட்டரை மட்டும் நம்பாமல் உங்கள் பெரிய சூட்கேசையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். செடானில் உள்ளே இடம் இருந்தும் வாய் குறுகலாக இருப்பதுண்டு. நாடாவை எடுக்க வேண்டிய இடம் இது.

படி 7: ஓட்டிப் பாருங்கள், வேகத்தை மறந்துவிட்டு

பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை விநாடி என்ற பேச்சை விற்பனையாளர் எடுத்தால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். இந்த வகுப்பில் எல்லாமே தேவைக்கு மேல் வேகம்.

சோதித்துப் பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். 2023-இன் மாடல் 3-இல் இண்டிகேட்டர் தண்டு எடுக்கப்பட்டு, ஸ்டீயரிங்கின் இடப்பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் வந்தன. பின்னர் சில சந்தைகளில் தண்டு திரும்பியது. பொத்தான் உள்ள கார் என்றால் ஒரு ரவுண்டானாவுக்குப் போங்கள். ஸ்டீயரிங் பாதி திரும்பியிருக்கும்போது பொத்தானும் அதோடு சுற்றிப் போயிருக்கும். வெளியேறும் இடத்தில் விரல் தேடாமல் அதைத் தொடுகிறதா என்று பாருங்கள். வேகமானி ஓட்டுபவரின் கண்ணெதிரே இல்லை, நடுத்திரையின் ஓரத்தில் இருக்கிறது. சிலருக்கு ஒரே நாளில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. ஐயோனிக் 6-இல் கண்ணுக்கு நேரே திரை உண்டு. அங்கேயும் ஒரு விசித்திரம், ஜன்னல் கண்ணாடியின் பொத்தான்கள் கதவில் இல்லாமல் நடுவில் இருக்கின்றன.

செல்பேசியை ஆப்பிள் கார்பிளே அல்லது ஆண்ட்ராய்ட் ஆட்டோ மூலம் திரையில் பார்த்துப் பழகியவர் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: புதுப்பிக்கப்பட்ட மாடல் 3 இவை இல்லாமல்தான் வந்தது. மாறாக, சார்ஜர்களைச் சேர்த்தே வழியைத் திட்டமிட்டுத் தருவதில் டெஸ்லாவின் சொந்த மென்பொருள் கைதேர்ந்தது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் தானே வேகம் குறைந்து மின்சாரத்தை மீட்கும். ஐயோனிக் 6-இல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பு போன்ற நெம்புகோல்களால் இதன் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். மாடல் 3-இல் இந்த வேகக் குறைப்பு இயல்பாகவே அழுத்தமானது. ஓட்டுபவருக்கு இது சுகம். பின்னால் இருப்பவருக்குக் குமட்டல் வரலாம். பயணத்தில் வாந்தி எடுக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் சோதனை ஓட்டத்தில் அவரும் இருக்கட்டும். தரையிலிருந்து உயரம் இரண்டிலும் 14 செ.மீ. அளவில்தான் என்பதால், முடிந்தால் உங்கள் வீட்டு வாசல் சரிவில் ஏற்றிப் பாருங்கள்.

படி 8: பழுதானால் யார் பார்ப்பார்கள்?

இரண்டு கார்களின் பேட்டரிக்கும் எட்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. கிலோமீட்டர் வரம்பு வடிவத்துக்கு வடிவம் மாறும். ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது) வரலாறும் இரண்டுக்கும் உண்டு. 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தரும் சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏற்பட்ட கோளாறுக்காக 2024-இல் ஐயோனிக் 5, 6 கார்களை ஹூண்டாய் திரும்ப அழைத்தது. டெஸ்லாவின் ரீகால்களில் பல மென்பொருள் வழியே வீட்டு வாசலிலேயே முடிந்துவிடுபவை. 2023 டிசம்பரில் ஆட்டோபைலட் என்ற தன் ஓட்டுநர் உதவி அமைப்புக்காக அமெரிக்காவில் 20 லட்சம் கார்களுக்கு அப்படித்தான் செய்தது. பழைய கார் வாங்குகிறவர் இந்த வேலைகள் முடிந்துவிட்டனவா என்று காரின் அடையாள எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

பிறகு, சர்வீஸ் மையம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். மோதி நசுங்கிய கதவை மாற்ற எத்தனை வாரம் ஆகும் என்று அங்கேயே போய்க் கேளுங்கள். விற்பனைப் பிரிவில் அல்ல, பணிமனையில். காப்பீட்டுத் தொகையை இரண்டு காருக்கும் எழுதி வாங்குங்கள்.

படி 9: இப்போது முடிவு

நோட்டைத் திறந்து பாருங்கள். வீட்டில் சார்ஜ் உண்டு, நீண்ட பயணம் ஆண்டில் சில முறைதான் என்றால் 3, 4-ஆம் படிகளை அடித்துவிட்டு 6, 7, 8-ஐ மட்டும் வைத்துத் தீர்மானியுங்கள். அப்படிப் பார்க்கும்போது, சாமான் அதிகம் ஏற்றுகிற குடும்பத்துக்கு நான் மாடல் 3-ஐச் சொல்வேன். பின்னால் கால் நீட்டி உட்கார ஆள் இருந்து, தொடுதிரை பிடிக்காதவர் என்றால் ஐயோனிக் 6. அடிக்கடி நெடும்பயணம் என்றால் நான்காம் படியில் எழுதிய சார்ஜர் பட்டியலே முடிவைச் சொல்லிவிடும். மின்தடை உள்ள இடத்திலோ முகாமிலோ காரிலிருந்து 3.6 கிலோவாட் வரை வெளியே எடுத்து விளக்கும் அடுப்பும் எரிக்கும் வசதி ஐயோனிக் 6-இல் உண்டு. தேவைப்படுகிறவருக்கு அது ஒன்றே போதும். மற்றவர்கள் அதற்காகக் கூடுதல் மதிப்பெண் போட வேண்டாம்.

முன்பதிவுத் தாளில் பேட்டரியின் அளவு, சக்கர அளவு, ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் காரின் உட்புறத்தைச் சூடாக்கும் கருவி) உண்டா இல்லையா, எந்த சார்ஜ் கேபிள் தருகிறார்கள் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு கார்களும் பொதுவாக ஸ்டெப்னி இல்லாமல்தான் வருகின்றன. பஞ்சர் கிட்டாவது தருகிறார்களா என்பதையும் அதே தாளில் கேளுங்கள். காரை எடுக்கும் நாளில் டிக்கியிலிருந்து கேபிளை எடுத்துச் செருகி, சார்ஜ் ஏறத் தொடங்குவதைத் திரையில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.