குறுகிய காலப் படைப்பிரிவின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? 27-ஆவது மெய்ன் காலாட்படையை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சில மாதங்களே இருந்து கலைந்த தன்னார்வப் படைப்பிரிவுகள் ஏராளம். அவற்றின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் பலரும் முதலில் சண்டையைத்தான் தேடுவார்கள். அதைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள்.

படி 1: சேர்ந்த நாளையும் கலைந்த நாளையும் எழுதுங்கள். 1862 ஆகஸ்டில் லிங்கன் 3 லட்சம் பேரை ஒன்பது மாதப் பணிக்குக் கேட்டார். மெய்ன் மாநிலத்தின் 27-ஆவது பிரிவு செப்டம்பர் 30 அன்று போர்ட்லாந்தில் பதிவானது. 1863 ஜூலை 17-இல் கலைந்தது. ஒன்பது மாதம் ஜூன் மாதத்தோடு முடிந்துவிடுகிறதே, கணக்கு உதைக்கிறதா? அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

படி 2: முகாம்களை வரிசைப்படுத்துங்கள். இங்கே வேலை சுலபம்: ஆர்லிங்டன் ஹைட்ஸ், ஷான்டிலி என்று வாஷிங்டனைச் சுற்றியே காவல் பணி.

படி 3: இறப்புகளைச் சண்டை, நோய் என்று பிரித்து எழுதுங்கள். இந்தப் பிரிவில் சண்டையில் ஒருவரும் சாகவில்லை. இறந்தவர்களை நோய்தான் கொண்டுபோனது.

படி 4: இப்போது அந்தக் கோட்டுக்குத் திரும்புங்கள். ஜூன் கடைசியில் தெற்கு மாநிலங்களின் தளபதி லீயின் படை வடக்கில் இருந்த பென்சில்வேனியாவுக்குள் நுழைந்துவிட்டது. தலைநகரைக் காக்க இன்னும் சில நாள் இருங்கள் என்று அரசு கேட்டது. சுமார் 300 பேர் தங்கினார்கள். மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பென்சில்வேனியாவில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் தங்கியவர்களும் புறப்பட்டார்கள்.

படி 5: பெயர்ப் பட்டியல்களைச் சந்தேகியுங்கள். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். தங்கியவர்களுக்கு மெடல் ஆஃப் ஹானர் என்ற அமெரிக்க ராணுவ வீரப் பதக்கத்தைத் தருவதாகப் பேச்சு. ஆனால் யார் தங்கினார்கள் என்ற தெளிவான பட்டியல் போர்த் துறையிடம் இல்லை. விளைவு, பிரிவு முழுவதற்கும் 864 பதக்கங்கள்! பிரிவின் தலைவர் கர்னல் வென்ட்வொர்த் தங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் குதிரை லாயத்தில் போட்டு வைத்தார். 1917-இல் ராணுவக் குழு ஒன்று மறுபரிசீலனை செய்து 911 பெயர்களை நீக்கியது. அதில் இந்த 864-உம் அடக்கம்.

அதனால் ஒரு சிப்பாயின் பெயர் பழைய பதக்கப் பட்டியலில் இருந்தால் மட்டும் அவர் தங்கினார் என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தனிநபர் சேவைப் பதிவு அட்டைகள் இருக்கின்றன. அவற்றோடு, அந்த நாட்களில் அவர் எழுதிய கடிதம் ஏதாவது கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.