அணுவும் வெப்பமும்: மாணவர்கள் வழுக்கும் இடங்கள்

100 கிராம் பனிக்கட்டி மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதை முழுவதும் 100 டிகிரி நீராவியாக மாற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்? விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் பதில் 46,200 ஜூல். நிறை, தன்வெப்பம் (ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம்), வெப்பநிலை வேறுபாடு மூன்றையும் பெருக்கினால் வேலை முடிந்தது என்று 0.1 × 4,200 × 110 எனப் போட்டு, அடியில் இரட்டைக் கோடும் இழுத்துவிடுகிறார்கள். சரியான விடை ஏறக்குறைய 3,03,500 ஜூல். எழுதிய விடை அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

மீதி எங்கே போயிற்று? பனிக்கட்டி மைனஸ் 10-லிருந்து 0 டிகிரிக்கு வர 2,100 ஜூல் ஆகிறது. இங்கே போட வேண்டியது பனிக்கட்டியின் தன்வெப்பம், அதாவது கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 2,100 ஜூல். நீரின் 4,200 அல்ல. அடுத்து, அதே 0 டிகிரியில் இருந்தபடியே உருக 33,400 ஜூல். உருகிய நீர் 100 டிகிரியைத் தொட 42,000. அந்த 100 டிகிரியிலேயே ஆவியாக 2,26,000. கடைசிப் படி மட்டுமே மொத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை விழுங்கிவிடுகிறது. அவ்வளவு நேரமும் வெப்பமானி ஒரு கோடுகூட நகர்வதில்லை. வெப்பம் கொடுத்தால் சூடு ஏறியே தீர வேண்டும் என்று நம்புகிறவருக்கு இந்தப் படி கண்ணுக்கே தெரியாது.

சூத்திரத்தை மறந்ததால் வந்த பிழை அல்ல இது. வெப்பம் என்பது பொருளுக்குள் ஊற்றி வைக்கப்படும் ஏதோ ஒரு சரக்கு, வெப்பநிலை என்பது அந்தச் சரக்கின் மட்டம் என்ற எண்ணம்தான் காரணம். மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. வேதியியலின் முன்னோடியான லவாய்சியரே 1789-இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ‘கலோரிக்’ என்ற வெப்பப் பொருளுக்கு இடம் கொடுத்திருந்தார். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது, துளைக்கும் வரை சூடு வந்துகொண்டே இருப்பதை ரம்ஃபோர்டு என்ற அறிவியலாளர் கவனித்து 1798-இல் எழுதினார். உள்ளே இருந்த சரக்கு என்றால் எப்போதாவது தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா?

துகள்களின் சராசரி இயக்க ஆற்றல் எவ்வளவு என்பதைக் காட்டுவது வெப்பநிலை. வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் ஆற்றல் வெப்பம். பொருளுக்குள் இருப்பது அக ஆற்றல். எனவே ‘இந்தப் பொருளில் இவ்வளவு வெப்பம் இருக்கிறது’ என்று தேர்வில் எழுத வேண்டாம். நீர் கொதிக்கும்போது, கொடுக்கும் ஆற்றல் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டாமல் அவற்றை ஒன்றைவிட்டு ஒன்று பிரிப்பதற்குச் செலவாகிறது. வெப்பமானி அசையாமல் நிற்பதன் காரணம் அதுதான்.

500 டிகிரிக்குக் காய்ச்சிய 5 கிராம் இரும்பு ஆணியும், 40 டிகிரியில் ஒரு வாளியில் 10 லிட்டர் நீரும் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். இரண்டும் 20 டிகிரிக்கு ஆறினால், ஆணி வெளிவிடுவது சுமார் 1,080 ஜூல். நீர் வெளிவிடுவது 8,40,000 ஜூல். தொட்டால் சுடுவது ஆணி. ஆற்றலைக் கொட்டுவது வாளி.

தொடுவதைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. ஒரே அறையில் வெகுநேரம் கிடந்த இரும்புத் துண்டும் மரத்துண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். இரும்பு அதிகமாகச் சில்லிடுவது அது கையிலிருந்து வெப்பத்தை வேகமாகக் கடத்திக்கொண்டு போவதால். கம்பளியும் சூட்டை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றினால் அது தாமதமாகத்தான் உருகும்.

வாயுக் கணக்குகளில் வேறொரு பொறி இருக்கிறது. மூடிய கலத்தில் 27 டிகிரி செல்சியஸில் உள்ள வாயுவை 54 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் இரு மடங்காகும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்கள் ஏராளம். செல்சியஸ் எண்ணுடன் 273-ஐக் கூட்டினால் கெல்வின் கிடைக்கும். 300 கெல்வின் 327 கெல்வின் ஆகிறது; அழுத்தம் 9 சதவீதம் கூடுகிறது, அவ்வளவே. உண்மையிலேயே இரு மடங்காக வேண்டுமானால் 600 கெல்வின், அதாவது 327 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். வெப்பநிலை வேறுபாடு மட்டும் வரும் கணக்கில் செல்சியஸும் கெல்வினும் ஒரே விடையைத் தரும். விகிதம் வந்தால் கெல்வின்தான். போகிற போக்கில்: ‘டிகிரி கெல்வின்’ என்று எழுதும் வழக்கம் 1967-இலேயே கைவிடப்பட்டது. வெறும் கெல்வின் போதும்.

இனி துகள் படங்கள். திடம், திரவம், வாயு மூன்றையும் வரையச் சொன்னால், திரவத்தை நட்டநடுவில் வைத்து, துகள்களுக்கிடையே தாராளமாக இடம் விட்டு வரைகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. திரவத்திலும் துகள்கள் ஏறக்குறைய திடத்தில் உள்ளதுபோல் நெருக்கமாகவே இருக்கின்றன. ஒழுங்கு மட்டும் குலைந்து, ஒன்றையொன்று கடந்து நழுவுகின்றன. பெரிய தாவல் வாயுவாகும்போதுதான் நிகழ்கிறது: சாதாரண அழுத்தத்தில் நீர் ஆவியாகும்போது பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. நீரோ இன்னும் ஒரு படி விலகி நடக்கும். பனிக்கட்டியில்தான் மூலக்கூறுகளுக்கிடையே இடம் அதிகம். அதனால்தான் அது மிதக்கிறது.

அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ‘காற்று’ என்று பதில் வரும். காற்றே மூலக்கூறுகளால் ஆனது. அவற்றுக்கு இடையில் பிறகு எதை வைப்பது? அங்கே ஒன்றுமில்லை. கொதிநீரில் எழும் பெரிய குமிழ்களும் காற்றல்ல, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்ல; நீராவி. சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் சுவரில் ஒட்டும் சிறு குமிழ்கள் மட்டும் நீரில் கரைந்திருந்த காற்று.

1 மீட்டர் இரும்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். ‘அணுக்கள் உப்புகின்றன’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். அணுக்களின் அதிர்வு கூடி, அவற்றின் சராசரி இடைவெளி விரிகிறது. இதைப் புரிந்துகொண்டவரைச் சோதிக்க ஒரு கேள்வி உண்டு: நடுவில் துளையுள்ள உலோகத் தகட்டைச் சூடாக்கினால் துளை சுருங்குமா, விரியுமா? விரியும். துளையின் விளிம்பில் வரிசையாக நிற்கும் அணுக்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத்தானே வேண்டும்? அதேபோல், செம்பு செந்நிறம் என்பதால் ஒற்றைச் செம்பு அணுவும் செந்நிறம் என்று எண்ணாதீர்கள். நிறம், உருகுநிலை, கடினம் எல்லாம் கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்தபின் பிறக்கும் பண்புகள்.

அணுவின் படத்தில் அளவைக் காட்ட வழியே இல்லை. அணுவின் விட்டம் அணுக்கருவைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது; கருவை 1 மில்லிமீட்டர் புள்ளியாக வரைந்தால் எலக்ட்ரான்களைப் பல பத்து மீட்டர் தள்ளி வரைய வேண்டும். தாளில் இடமேது?

குளோரின் அணு நிறை 35.5 என்று பார்த்துவிட்டு, 17 புரோட்டான்களைக் கழித்து, 18.5 நியூட்ரான்கள் என விடை எழுதுபவர்களும் இருக்கிறார்கள். 35.5 என்பது சராசரி. இயற்கையில் குளோரின்-35, குளோரின்-37 இரண்டும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து கிடைக்கின்றன. முதலாவதில் 18 நியூட்ரான்கள், இரண்டாவதில் 20. கழிக்க வேண்டியது நிறை எண்ணிலிருந்து (புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை; இங்கே 35 அல்லது 37); தனிம வரிசை அட்டவணையில் அச்சாகியிருக்கும் சராசரியிலிருந்து அல்ல.